வரிசையில் கடைசி இடம்

(நம் மருத்துவமனையின் ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை. சிறிது சுருக்கி இங்கே தரப்படுகிறது.)



உங்களில் பலர் இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருக்கிறீர்கள். காலையில் வார்டுகளைச் சுற்றிப் பார்த்தீர்கள். கண் வார்டில் கட்டுப் பிரித்த பாட்டி ஒருவர், உங்களில் ஒரு தம்பியைத் தன் பேரன் என்று நினைத்துக் கையை விடவே மாட்டேன் என்று பிடித்துக்கொண்டதை நானும் பார்த்தேன். அந்தத் தம்பியும் கையை இழுத்துக்கொள்ளாமல் பதினைந்து நிமிடம் பேரனாகவே இருந்தார். கர்த்தர் அவரை ஆசீர்வதிப்பாராக.

பெரிய டாக்டர் கணக்குகளையெல்லாம் சொல்லிவிட்டார். எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள், விசுவாசமும் சபை வாழ்வும். நான் லுத்தரன் சபையில் பிறந்தவன். அதிலேயே ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்று, சென்னை குருகுலத்தில் வேதசாஸ்திரம் படித்து, கிராமச் சபைகளில் ஊழியம் செய்துவிட்டு இந்த வார்டுகளுக்கு வந்தவன். எனக்குத் தெரிந்த சபையைப் பற்றித்தான் என்னால் பேச முடியும். அதிலும் நான் தவறிப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியே இன்றைக்குப் பேச நினைக்கிறேன். இதை நான் இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை. என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

லுத்தரன் பிள்ளைகள் எல்லாரும் திடப்படுத்தல் வகுப்பில் லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்வார்கள். 1529இல் எழுதப்பட்ட சிறு புத்தகம். கர்த்தருடைய ஜெபத்தில் அன்றாட அப்பத்தைக் கேட்கிறோமே, அப்பம் என்றால் என்ன என்று அதில் ஒரு கேள்வி வரும். சாப்பாடு, துணி, வீடு, நிலம் என்று நீளமாகப் பட்டியல் போட்டுக்கொண்டே போகிற லுத்தர், முடிவுக்கு வரும்போது நல்ல நண்பர்களையும் உண்மையுள்ள அயலாரையும் அதோடு சேர்த்துவிடுகிறார். அதாவது அயலான் இல்லாதவன் பட்டினி கிடக்கிறவனே. பன்னிரண்டு வயதில் மூச்சுவிடாமல் ஒப்பித்த இந்த விஷயம் எனக்கு விளங்க முப்பது வயதுக்கு மேல் ஆயிற்று.

1990ஆம் ஆண்டு. காவிரிக் கரையோரம் ஒரு கிராமச் சபை. அறுபது குடும்பங்கள் இருக்கும். பெரும்பாலும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிற ஜனங்கள். சொந்த நிலம் வைத்திருந்தவர்கள் சிலர். இரண்டு பள்ளிக்கூட ஆசிரியர்கள். ஓட்டுக் கூரை போட்ட ஆலயம். மழைக்காலத்தில் பிரசங்க பீடத்துக்கு நேர் மேலே ஒழுகும். நான் குடையோடு பிரசங்கம் செய்ததும் உண்டு.

அந்தச் சபையில் ஓர் அம்மாள். நடவு வேலை செய்கிறவர், கணவரை இழந்தவர், ஒரே மகள். முதுகில் உணர்ச்சியில்லாத ஒரு படை வந்து வருஷக்கணக்காக அவருக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. பிறகு இடது கைச் சுண்டுவிரல் மடங்கத் தொடங்கியது. ஒருநாள் உலைப்பானையைத் துணி இல்லாமல் வெறுங்கையால் இறக்கி வைத்தார். சுடவில்லை. தோல் உரிந்து தொங்குவதைப் பார்த்து மகள்தான் அலறியிருக்கிறாள். வீடு வீடாக வந்து பரிசோதித்த சுகாதாரப் பணியாளர் அதைப் பார்த்ததும் குஷ்டரோகம் என்று கண்டுகொண்டார். இன்றைக்குத் தொழுநோய் என்று சொல்லுகிறோம். ஊரில் வேறு பெயர்களும் உண்டு. அவற்றை இங்கே சொல்ல வேண்டாம்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்தான், 1982இல், உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்திருந்தது. பழைய நாட்களில் டாப்சோன் ஒன்றை மட்டும் ஆயுசுக்கும் விழுங்கவேண்டும். புதிய முறையில் மூன்று மருந்துகள். மாதத்துக்கு ஒருமுறை பணியாளர் கண்முன்னால் விழுங்கவேண்டியது ஒரு பங்கு. மற்றதை வீட்டில் தினமும் சாப்பிடவேண்டும். அவருக்கு இருந்த வகைக்கு அந்நாட்களில் குறைந்தது இரண்டு வருடம். சிகிச்சை தொடங்கிய சில நாட்களுக்குள்ளாகவே மற்றவருக்குத் தொற்றும் தன்மை போய்விடும். மிஷன் மருத்துவமனை டாக்டரே இதை எனக்கு விளக்கிச் சொல்லியிருந்தார். இதை நீங்கள் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் அறியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அந்த மருந்துகளில் ஒன்றுக்கு குளோஃபாசிமின் என்று பெயர். அதைச் சாப்பிடச் சாப்பிட உடம்பு கறுத்துப்போகும். மருந்தை நிறுத்திய பிறகு மெதுவாக நிறம் திரும்பிவிடும். ஆனால் ஊருக்கு அது தெரியுமா? அவருடைய நோய் குறையக் குறைய முகம் கறுத்தது. முற்றிவிட்டது என்று ஜனங்கள் தீர்மானித்துவிட்டார்கள். குணமாகிக்கொண்டிருந்த காலத்தில்தான் கிணற்றடியில் அவருக்குத் தனிக் குடம் வந்தது. யாரும் அவரைக் கோயிலுக்கு வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அவராகவே நின்றுகொண்டார். நான் வீட்டுக்குப் போய் ஜெபித்தேன். திண்ணையில் நின்று ஜெபித்தேன், உள்ளே போகவில்லை. அதுவும் சொல்லவேண்டியதுதான்.

இரண்டு வருடம் முடிந்தது. அந்நாட்களில் எங்கள் சபையில் திருவிருந்துக்கு வருகிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலமே வந்து பெயர் கொடுப்பார்கள். ஒரு சனிக்கிழமை, விளக்கு வைத்த பிறகு, எல்லாரும் போனபின் அவர் வந்தார். மருத்துவமனையில் கொடுத்த காகிதத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகி வைத்திருந்தார். அதை எடுத்து மேஜைமேல் வைத்து, "முடிஞ்சிருச்சாம் ஐயரே. நாளைக்கு நான் வரலாங்களா?" என்றார்.

அவர் வருவார் என்பது எனக்கு முன்பே தெரியும். சபை மூப்பர் ஒருவர் மத்தியானமே வந்து என்னிடம் பேசிவிட்டுப் போயிருந்தார். அவரைப் பொல்லாதவர் என்று நினைக்காதீர்கள். என் மூத்த மகளுக்குக் காய்ச்சல் வந்து, வெள்ளத்தில் ரோடு அறுந்து கிடந்த இரவில், அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து டாக்டரிடம் சேர்த்தவர் அவர்தான். அப்படிப்பட்டவர்தான் என்னிடம், "வரட்டுங்க ஐயரே, வரவேண்டாம்னு நான் சொல்லலே. ஆனா கடைசியா வரச் சொல்லுங்க. கிண்ணம் ஒண்ணுதானே" என்றார்.

நான் அந்தக் காகிதத்தைப் படித்தேன். பதிவேட்டில் அவர் பெயரை எழுதினேன். பிறகு, "வாங்கம்மா, கட்டாயம் வாங்க. ஆனா எல்லாரும் வாங்கினப்புறம், கடைசியா வாங்க" என்றேன்.

"சரிங்க ஐயரே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. காகிதத்தை மறுபடியும் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

அன்றைக்கு இரவு எனக்கு நல்ல தூக்கம் வந்தது. சமாதானம் செய்துவிட்டேன், சபை உடையாமல் காப்பாற்றிவிட்டேன், அவரையும் சேர்த்துக்கொண்டேன் என்று ஒரு திருப்தி.

நான் செமினரியில் லேவியராகமம் படித்தவன். எபிரெய மொழியிலேயே படித்து மார்க்கும் வாங்கியவன். 13ஆம், 14ஆம் அதிகாரங்களில் சொல்லப்படுகிற வியாதி நாம் இன்றைக்கு அறிந்த தொழுநோய் மட்டும் அல்ல. துணிக்கும் வீட்டுச் சுவருக்கும்கூட அது வரும் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. அது இருக்கட்டும். நோயாளி சுகமானபின் என்ன செய்யவேண்டும் என்பதைத்தான் நான் நினைத்துப் பார்த்திருக்கவேண்டும். அவன் பாளயத்துக்கு உள்ளே வந்து ஆசாரியனைத் தேட வேண்டியதில்லை. ஆசாரியன்தான் பாளயத்துக்கு வெளியே புறப்பட்டுப் போய் அவனைப் பார்க்கவேண்டும். எட்டாம் நாளில் பலியின் இரத்தத்தை எடுத்து அவனுடைய வலது காதிலும், வலது கைப் பெருவிரலிலும், வலது கால் பெருவிரலிலும் பூசவேண்டும். இதே இடங்களில்தான் 8ஆம் அதிகாரத்தில் ஆரோனுக்கும் அவன் குமாரருக்கும் ஆசாரியப் பட்டம் கட்டும்போது பூசுகிறார்கள். ஊருக்கு வெளியே இருந்தவனைத் திரும்பச் சேர்க்கும்போது ஆசாரியனுக்குச் செய்கிறதையே அவனுக்கும் செய்யச் சொல்லியிருக்கிறது. நானோ வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு வரிசை எண் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. அவர் கதவோரமாக, தூணுக்குப் பின்னால், தரையில் உட்கார்ந்திருந்தார். வெளுத்த வெள்ளைப் புடவை. திருவிருந்து தொடங்கியது. முதலில் ஆண்கள், பிறகு பெண்கள், பந்தி பந்தியாகப் பீடத்தண்டை வந்து முழங்காற்படியிட்டுப் போனார்கள். எல்லாரும் முடிந்தபின் அவர் எழுந்தார். கதவிலிருந்து பீடம் வரைக்கும் அந்த ஆலயம் நீளமில்லை. ஆனாலும் அன்றைக்கு அவர் நடந்து வர வெகுநேரம் ஆனதுபோல எனக்குத் தோன்றியது. பன்னிரண்டு பேர் முழங்காற்படியிடக்கூடிய இடத்தில் அவர் ஒருவராக முழங்காற்படியிட்டார்.

அப்பம் கொடுத்தேன். கிண்ணத்தைக் கொடுத்தேன். விரல் மடங்கிய கையால் அவர் அதைத் தொடவில்லை. நான்தான் சாய்த்துக் கொடுத்தேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கிண்ணத்தில் மீதியிருக்கிறது. மீதியைக் குருவானவர் பருகி முடிக்கவேண்டும். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை என்று நான் ஏற்பாடு செய்திருந்தேனே, அவருக்குப் பின்னால் நான் இருந்தேன். சபை முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூப்பரும் பார்த்துக்கொண்டிருந்தார். என் கை நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. சில விநாடிகளாகத்தான் இருக்கும்.

பெண்கள் பக்கத்தில் ஒரு சத்தம். ஊருக்குப் பிரசவம் பார்க்கிற பாட்டி ஒருவர் இருந்தார். எழுபது வயதுக்கு மேல். அந்த ஊரில் பாதிப்பேர் அவர் கையில் பிறந்தவர்கள். மூப்பரும்கூட. தன்னுடைய பந்தி போகும்போது பாட்டி எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தே இருந்திருக்கிறார். நான் அதைக் கவனிக்கவில்லை. இப்போது தரையில் கை ஊன்றி எழுந்து, மெதுவாக வந்து, அந்த அம்மாளுக்கு அடுத்தாற்போல், தோள் இடிக்கும்படி நெருங்கி முழங்காற்படியிட்டார். கொடு என்பதுபோல என்னை நிமிர்ந்து பார்த்தார்.

கொடுத்தேன். பாட்டி கிண்ணத்தைத் தன் இரண்டு கையாலும் பிடித்து வாங்கிக் குடித்தார். பிறகு மீதியை நான் குடித்தேன். விசுவாசத்தினால் குடித்தேன் என்று சொல்லமாட்டேன். பாட்டி குடித்துவிட்டாரே என்று குடித்தேன்.

ஆராதனை முடிந்து வாசலில், ஏன் பாட்டி உங்கள் பந்தியில் வரவில்லை என்று கேட்டேன். "முட்டி வலி ஐயரே. எந்திரிக்க நேரமாயிருச்சு" என்றார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அந்த முட்டியோடுதான் முந்தின வாரம் பக்கத்து ஊருக்கு நடந்தே போய்ப் பிரசவம் பார்த்துவிட்டு வந்தவர்.

சபை ஒரே நாளில் மாறிவிட்டது என்று சொன்னால் உங்களுக்குச் சந்தோஷமாயிருக்கும். அப்படி நடக்கவில்லை. அடுத்த மாதத் திருவிருந்துக்குக் கூட்டம் குறைந்தது. மூப்பர் மூன்று மாதம் கிண்ணத்தண்டை வரவில்லை. தனித்தனிச் சிறு கிண்ணங்கள் வாங்கலாம் என்று சபைச் சங்கத்தில் ஒரு பேச்சு வந்து, பணமில்லாமல் நின்றுபோயிற்று. ஆனால் ஒவ்வொரு மாதமும் பாட்டிக்கு முட்டி வலி வந்தது. ஐந்தாறு மாதத்தில் இன்னும் இரண்டு மூன்று பெண்களுக்கும் வந்தது. அவர் கடைசி இடத்தில் நின்றபடியே இருந்தார், ஆனால் அந்தக் கடைசி பந்தி நிரம்பிக்கொண்டு வந்தது.

நம்முடைய தமிழ்ச் சபைகளுக்கு இது புதிதல்ல என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். 1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயரும் புளுட்சோ ஐயரும் வந்து இறங்கினார்கள், 1707இல் முதல் ஞானஸ்நானங்கள் நடந்தன என்று பெருமையோடு சொல்லுகிறோம். அந்தச் சபைகளில் யார் பாயில் உட்காருவது, யார் எந்தப் பக்கம் உட்காருவது, யார் முதலில் கிண்ணத்தைத் தொடுவது என்று சாதியின்பேரில் தலைமுறை தலைமுறையாக வழக்கு நடந்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நான் வரிசையைக் கண்டுபிடிக்கவில்லை. வரிசை ஏற்கெனவே இருந்தது. நான் அதில் இன்னொருவரைச் சேர்த்தேன், அவ்வளவுதான்.

"சபையைக் காப்பாத்த வேண்டாமா ஐயரே?" என்று மூப்பர் கேட்டாரே, அந்தக் கேள்வியை நான் லேசாக எண்ணவில்லை. 2020இல் கொரோனா வந்தபோது நாமே கோயில்களைப் பூட்டினோம், பொதுக் கிண்ணத்தை நிறுத்தினோம். அது தவறா? இல்லை. 1527இல் விட்டன்பர்க் பட்டணத்தில் கொள்ளைநோய் வந்தது. பல்கலைக்கழகத்தை யேனாவுக்கு மாற்றினார்கள். லுத்தரையும் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. பூகன்ஹாகன் ஐயரோடு அங்கேயே தங்கினார். மனைவி கத்தரீனா கர்ப்பமாயிருந்த நேரம். அவர்கள் வீடே நோயாளிகளின் வார்டு ஆகிவிட்டது. பிரெஸ்லாவ் பட்டணத்து யோவான் ஹெஸ் என்கிற போதகர், கிறிஸ்தவன் கொள்ளைநோய்க்குப் பயந்து ஓடலாமா என்று கேட்டிருந்தார். அதற்கு லுத்தர் எழுதிய பதில் அந்த வருஷமே அச்சாயிற்று.

அதில் அவர் வீரம் பேசவில்லை. ஓடிப்போகிறது தன்னில்தானே பாவம் அல்ல என்கிறார். மருந்து சாப்பிடு, வீட்டுக்குப் புகை போடு, தேவையில்லாத இடத்துக்குப் போகாதே என்கிறார். மருந்தை வேண்டாம் என்று தள்ளுகிறவன் தேவனைச் சோதிக்கிறான் என்கிறார். தெரிந்தே மற்றவருக்குப் பரப்புகிறவனைக் கடுமையாகக் கண்டிக்கிறார். ஆனால் படுத்திருக்கிற அயலானுக்கு வேறு ஆள் இல்லையென்றால், அவனை விட்டுப் போக உனக்கு அனுமதியில்லை என்கிறார். ஆஸ்பத்திரி இல்லாத இடத்தில் நீங்களே ஒருவருக்கொருவர் ஆஸ்பத்திரியாக இருக்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம். கிருமி இருக்கும்போது விலகி நிற்பதைப் பற்றி அவருக்கு ஆட்சேபணை இல்லை. எங்கள் ஊரில் கிருமி போன பிறகும் நாங்கள் விலகி நின்றோம். மூப்பருக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய பதில் இதுதான். முப்பது சொச்சம் வருடம் கழித்து உங்களிடம் சொல்லுகிறேன்.

நீங்கள் காணிக்கை கொடுக்கிறவர்கள். ஆகவே இன்னொரு சரித்திரமும் சொல்ல ஆசை. 1523இல் சாக்சனி நாட்டில் லைஸ்னிக் என்ற சிறிய பட்டணத்துச் சபையார் ஒரு பொதுப் பெட்டி வைத்தார்கள். அதன் ஒழுங்குமுறைக்கு லுத்தர் முகவுரை எழுதினார். அந்தப் பெட்டிக்கு நான்கு பூட்டு, நான்கு சாவி. பிரபுக்களிடம் ஒன்று, நகர மன்றத்தாரிடம் ஒன்று, பட்டணத்தாரிடம் ஒன்று, சுற்றுக் கிராமத்து விவசாயிகளிடம் ஒன்று. நான்கு பேரும் வந்தால்தான் பெட்டி திறக்கும். ஊழியர் சம்பளம், பள்ளிக்கூடம், அநாதைப் பிள்ளைகள், வேலை செய்ய முடியாத வயோதிபர், நோயாளிகள் எல்லாம் அதிலிருந்துதான். நல்ல திட்டம். ஆனால் பழைய மானியங்களை நகர மன்றம் கையைவிட்டு விடவில்லை. பெட்டி வந்தது, பணம் வரவில்லை. சபைக் கமிட்டியில் இருந்தவர்களுக்கு இது புரியும், சிரிக்கிறீர்கள்.

அந்த நான்காவது சாவியை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஏர் உழுகிறவன் கையிலும் ஒரு சாவி. அவன் வராமல் பிரபுவாலும் திறக்க முடியாது. உங்கள் காணிக்கையால் இங்கே கட்டில் வாங்குகிறோம், மருந்து வாங்குகிறோம், கை மடங்கியவர்களுக்குத் தசைநாணை மாற்றித் தைக்கிற ஆபரேஷன் செய்கிறோம், உணர்ச்சியில்லாத பாதத்துக்கு மெத்தென்ற ரப்பர் செருப்புத் தைத்துக் கொடுக்கிறோம். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது. ஆனால் டிஸ்சார்ஜ் ஆகிப் போகிறவர் தன் ஊரில் எந்தச் சாவியையும் தொட முடியாதவராக இருந்தால் நாங்கள் என்ன செய்யட்டும்? அது எங்கள் பட்ஜெட்டில் இல்லை.

தொழுநோய் ஒழிந்துபோயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். 2005இன் முடிவில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை நாடு எட்டியது உண்மை. ஆனாலும் 2022–23இல் மட்டும் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். 1898ஆம் வருஷத்துத் தொழுநோயாளர் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. கிறிஸ்தவர்களுக்குரிய விவாகரத்துச் சட்டத்தில் தொழுநோயை ஒரு காரணமாகக் காட்டலாம் என்றிருந்தது. அதை 2019இல்தான் எடுத்தார்கள். சட்டத்தையே குறை சொல்லிப் பயனில்லை. நான் அதைவிட மெதுவாக இருந்தவன்.

அந்த அம்மாளிடம் நான் மன்னிப்புக் கேட்டேனா என்று உங்களில் யாராவது நினைக்கலாம். கேட்டேன், எட்டு வருடம் கழித்து. எனக்கு மாற்றல் ஆகி, வேறு குருசேகரத்திலிருந்து ஒரு கலியாணத்துக்காக அந்த ஊருக்குப் போனபோது அவர் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை உள்ளே போய் உட்கார்ந்தேன். காபி கொடுத்தார். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நான் தொடங்கியதும் அவர் கையை ஆட்டி நிறுத்திவிட்டார். "அதெல்லாம் எதுக்குங்க ஐயரே. வரலாம்னு சொன்னீங்களே, அதுவே பெரிசு" என்றார். அவர் என்னைக் குற்றப்படுத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். மூப்பர் அதற்குள் காலமாகிவிட்டிருந்தார். அவர்கள் இருவரும் ஒரே பந்தியில் முழங்காற்படியிட்டதை நான் பார்த்ததில்லை. பாட்டி மட்டும் இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை, ஆனால் என் மகளின் பெயரைச் சொல்லி விசாரித்தார்.

இன்றைக்குக் காலை ஆண்கள் வார்டில், ஜன்னல் ஓரத்துக் கட்டிலில், கையில் மாவுக்கட்டோடு ஒரு தம்பியைப் பார்த்திருப்பீர்கள். மெக்கானிக் வேலை செய்தவர். வயது இருபத்தாறு. நம்முடைய லுத்தரன் சபையொன்றைச் சேர்ந்தவர். ஒரு வருட மருந்து முடிந்தது, கை ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபின் விரல்களுக்குப் பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்போகிறோம். கோயிலுக்குப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது என்றார். சபைக்குக் கொடுக்க ஒரு லெட்டர் எழுதித் தரமுடியுமா என்று கேட்டார்.

இப்படிப்பட்ட கடிதங்களை நிறைய எழுதியிருக்கிறேன். மருத்துவமனை முத்திரை போட்டு, நோய் குணமாகிவிட்டது, தொற்றாது என்று எழுதுவேன். ஆனால் அந்த அம்மாளிடமும் ஒரு காகிதம் இருந்தது. நான் அதை வாசித்தேன்.

ஆகவே அவர் வீட்டுக்குப் போகிற வாரத்தில் சனிக்கிழமை மாலை பஸ்ஸில் நானும் அவரோடு போகிறேன். அவர்கள் சபையின் குருவானவரோடு போனில் பேசினேன். இளம் வயதுக்காரர், நல்லவர், கொஞ்சம் பயப்படுகிறார். அந்த ஞாயிறு திருவிருந்து உண்டு என்றார். இந்தத் தம்பி வரிசையில் எந்த இடத்தில் வருவார் என்று நான் கேட்கவில்லை. எந்த இடமானாலும், அவருக்குப் பின்னால் நான் நிற்பேன். எனக்கும் இப்போது முட்டி வலி உண்டு.